போன தடவை வந்த கேள்வி

நான் பார்ப்பது ஜோசியத் தொழில். மாடிப்படிக்குக் கீழே தொங்கும் போர்டில் 'இயற்பியல் – அரியர் மாணவர்களுக்குத் தனிக் கவனம்' என்று இருக்கும். அதை நம்பி ஏமாற வேண்டாம். திங்கள் முதல் சனி வரை ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன், அது உண்மை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் உட்கார்ந்து நான் செய்வதற்கு வேறு பெயர் கிடையாது. என்னிடம் கிளி இல்லை, சோழி இல்லை. பழைய வினாத்தாள்கள் ஒரு மூட்டை இருக்கின்றன.

அரியர் வைத்தவர்களுக்குப் பாடம் வேண்டாம், பாஸ் வேண்டும். அதற்கென்றே நம் ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. அதன் பெயர் 'இம்பார்ட்டன்ட்'. தேர்வுக்கு முந்தைய ஞாயிறு வாத்தியார் ஒரு தாளில் பெரிய கேள்வி எட்டு, சின்னக் கேள்வி பதினைந்து என்று எழுதித் தருவார். அது ஜெராக்ஸ் ஆகி, ஜெராக்ஸின் ஜெராக்ஸ் ஆகி, எழுத்து மங்கி, பாடியிலும் பூந்தமல்லியிலும் நான் முகம் பார்த்திராத ஆட்களின் கைக்குப் போய்ச் சேரும். என் தாளுக்குத் தனி மவுசு. எட்டில் ஐந்து வந்துவிடும். ஒரு தடவை ஏழு வந்தது. அன்றைக்குக் கீழ்க்கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, "நைனா, உண்மைய சொல்லு. பேப்பர் செட் பண்றதே நீதானே?" என்று காதோடு கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன்.

என் முறை ரொம்பவும் எளிது. ஒரு நீள நோட்டில் இடது ஓரமாகக் கேள்விகள், மேலே ஏப்ரல், நவம்பர், ஏப்ரல், நவம்பர் என்று கட்டங்கள். வந்த கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். போன தடவை வந்தது இந்தத் தடவை வராது. நாலு தடவை டிமிக்கி கொடுத்தது இந்தத் தடவை வந்தே தீரும். அவ்வளவுதான் சாஸ்திரம்.

இதில் இருக்கும் அசிங்கம், கல்லூரியில் நான் வாரத்தில் ஆறு நாள் அடித்துச் சொல்வது இதற்கு நேர் எதிர் என்பது. "வாயு மூலக்கூறுக்கு ஞாபகம் கிடையாது. போன நொடி எந்தச் சுவரில் முட்டியது, யாரை இடித்தது, எதுவும் அதற்கு நினைவில் இல்லை. நாணயமும் அப்படித்தான். ஏழு தடவை தலை விழுந்ததால் எட்டாவது தடவை பூ விழுந்தாக வேண்டும் என்று அதற்கு எந்தக் கடமையும் இல்லை. அப்படி நினைப்பவன் சீட்டாட்டத்தில் வேட்டியை விட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவான்." வகுப்பு சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை அதே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நோட்டைத் திறப்பேன்.

இத்தனை வருடம் இது எனக்கு ஒரு தமாஷாகவே இருந்தது. அந்த அக்கா வரும் வரை.

அவரை மேலே அனுப்பியது கீழ்க்கடைக்காரர்தான். பழைய மதிப்பெண் பட்டியலை நகல் எடுக்க வந்திருந்தார். பல்கலைக்கழகம் 'சிறப்பு வாய்ப்பு' அறிவித்திருந்தது. எப்போதோ படித்துவிட்டு அரியரோடு வெளியேறியவர்கள் கடைசியாக ஒரே ஒரு முறை எழுதிக்கொள்ளலாம். பழைய பாடத்திட்டம், பழைய வினா அமைப்பு. அக்காவுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு தாள், வெப்பவியலும் புள்ளியியல் இயற்பியலும். கடைக்காரர் பட்டியலைப் பார்த்தார், மாடியைக் காட்டினார்.

"மேல போக்கா. அந்தாளு கைல தாள் வாங்குனா செத்தவன்கூட பாஸாயிடுவான்."

இது படிக்கட்டு வழியாக எனக்கும் கேட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அக்காவுக்கு என்னைவிட இரண்டு வயது கூட. தூத்துக்குடிப் பக்கம். இறுதியாண்டுத் தேர்வு நடந்த மாதமே கல்யாணம். கணவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். குவார்ட்டர்ஸில் குடியேறினார், பெண் பிறந்தாள், அந்த ஒரு தாள் அப்படியே நின்றுவிட்டது. ஆறு வருடம் முன்பு கணவர் இறந்துபோனார். கருணை அடிப்படையில் அதே தொழிற்சாலையில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள், ஸ்டோர்ஸில். போல்ட்டும் நட்டும் வாஷரும் நிறைந்த பெட்டிகளை இறக்குவது, பிரிப்பது, ரேக்கில் ஏற்றுவது. டிகிரி கையில் இருந்தால் துறைத் தேர்வு எழுதி அலுவலகத்தில் ஒரு மேசைக்குப் போய்விடலாம்.

"இடுப்பு எலும்பு தேஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்லுதாரு தம்பி. இன்னும் பதினஞ்சு வருசம் பெட்டி தூக்க முடியாது. இந்தத் தாளு ஒன்னு போதும் எனக்கு." பிறகு சற்று யோசித்து, "ஆனா சும்மா மனப்பாடம் பண்ணச் சொல்லாதிய. அன்னைக்கும் அப்படிப் பண்ணித்தான் போச்சு" என்றார்.

பாடம் கேட்டு வந்த முதல் ஆள். எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து நேராக வருவார். பைக்குள் பைபிளும் இயற்பியல் நோட்டும் ஒன்றின்மேல் ஒன்றாக இருக்கும். அச்சு முறுக்கு டப்பா ஒன்றும் இருக்கும்; அது எனக்கு. மற்றவர்களுக்கு ஒரு மூலையில் பழைய வினாத்தாளைக் கொடுத்து எழுத வைத்துவிட்டு அக்காவுக்குப் பாடம் எடுப்பேன். வாயு மூலக்கூறுகளின் வேகப் பரவல் வந்தது.

"எல்லாம் ஒரே வேகத்துல ஓடாதோ?" என்றார்.

"ஷிஃப்ட் விட்டதும் உங்க கேட்ல எல்லாரும் ஒரே வேகத்துலயா வர்றாங்க?"

அக்கா பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். "கொஞ்சம் பேரு ரயிலப் பிடிக்க ஓடுவான். கொஞ்சம் பேரு பீடியப் பத்த வச்சிட்டு ஆடி அசைஞ்சு வருவான். மிச்சக் கூட்டம் நடுவாப்புல. எவன் ஓடுவான்னு சொல்ல முடியாது தம்பி. ஆனா எத்தன பேரு ஓடுவான்னு தெனமும் ஒரு கணக்காத்தான் இருக்கு."

புள்ளியியல் இயற்பியலின் மொத்த ரகசியமும் அதுதான். நான் இத்தனை வருடம் கரும்பலகையில் மணி வடிவக் கோடு வரைந்து வரைந்து சொல்ல முடியாததை அக்கா பீடியோடு சேர்த்துச் சொல்லிவிட்டார். மறுநாள் கல்லூரியில் அதை அப்படியே எடுத்துவிட்டேன், என் சொந்தச் சரக்கு மாதிரி. கைதட்டல். என் திருட்டுகளில் இது சின்னது, பெரியது பின்னால் வருகிறது.

இன்னொரு ஞாயிறு, பக்கத்து பிரியாணிக் கடையில் அண்டாவைத் திறந்தார்கள். பாடம் விரவல், அதாவது டிஃப்யூஷன். "இப்ப அண்டாவ திறந்துட்டான்க்கா. வாசனை மூலக்கூறு துப்பாக்கிக் குண்டு வேகத்துல பறக்கும். ஆனா நம்ம மூக்குக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகுது பாருங்க. ஏன்? காலைல எட்டு மணிக்கு ஸ்டேஷன் படிக்கட்டுல இறங்குற ஆள் மாதிரி. இடிபட்டு, திரும்பி, வழி தவறி, மறுபடி இடிபட்டு. லேட்டாத்தான் வரும், ஆனா வந்துடும். வந்தது திரும்ப அண்டாவுக்குள்ள போகவே போகாது."

"போகாதா, இல்ல போறதுக்கு வாய்ப்பு ரொம்பக் கம்மியா?"

"ரெண்டாவது சொன்னதுதான் சரி."

"அப்போ சரியாச் சொல்லுங்க" என்றார். நான் திருத்திச் சொன்னேன். மூலையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

எண்ட்ரோபி என்கிற ஒழுங்கின்மைக்கு நான் உதாரணம் தேடவே வேண்டியிருக்கவில்லை. அக்காவுக்கு அது தினசரி டூட்டி. நாலு அளவு வாஷர் இருந்த தட்டு ஒன்று சரிந்து கலந்துவிட்ட கதையைச் சொன்னார். "கலையுததுக்கு ஒரு செகண்டு. பிரிக்கதுக்கு நாலு நாளு. எவ்வளவு குலுக்குனாலும் தானாப் பிரியாதுல்லா?"

"அதேதான்க்கா. கலைஞ்சு கிடக்கிறதுக்குக் கோடி வழி இருக்கு. பிரிஞ்சு கிடக்கிறதுக்கு விரல் விட்டு எண்ணுற அளவுதான் வழி. அதனால எதைக் குலுக்குனாலும் கோடிப் பக்கம்தான் போய் விழும்."

"அந்தக் கோடி வழியையும் எண்ட்ரோபியையும் முடிச்சுப் போடுத கணக்கு ஒன்னு இருக்கே. எண்ட்ரோபிக்கும் நிகழ்தகவுக்கும் உள்ள தொடர்பைத் தருவின்னு கேப்பாவளே. அத எப்போ எடுப்பிய?"

"கடைசி ஞாயித்துக்கிழமை."

அந்தக் கணக்கு ஒரு பக்கம்தான். நிதானமாகச் சொன்னால் அரை மணி நேரம் ஆகும். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் மறக்க மாட்டேன் என்கிறது.

கடைசி ஞாயிறு காலை எட்டு மணிக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டேன். பள்ளி நாடகத்தில் கட்டபொம்மன் வேஷம் கேட்டு மரமாக நிற்க வைக்கப்பட்டவன் நான். அந்த வஞ்சத்தை அன்று தீர்த்துக்கொண்டேன். "காய்ச்சல்க்கா. எழுந்திருக்க முடியல. பசங்களுக்கும் லீவு சொல்லிட்டேன்."

"ஐயோ, படுங்க தம்பி. பாடம் கெடக்கு."

பாடம் கிடந்தது. நான் கிடக்கவில்லை. பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில், உடன் வேலை பார்க்கும் நண்பரின் மகளுக்குக் காதுகுத்து. மட்டன் பிரியாணி போடுகிறார்கள் என்று மூன்று வாரமாகவே ஸ்டாஃப் ரூமில் பேச்சு. காது குத்தும்போது குழந்தை அழுதது. எனக்கும் உள்ளே எங்கேயோ குத்தியது. ஆனால் அதற்குள் இலை போட்டுவிட்டார்கள். மூன்றாவது முறை கரண்டி வந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினேன், பரிமாறுகிறவர் புரிந்துகொள்ளாத அளவுக்கு மெதுவாக.

சாயங்காலம் நாலரைக்கு ஸ்கூட்டரில் திருநின்றவூரில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் மனசு உறுத்தியது. பாடம்தான் எடுக்கவில்லை, இம்பார்ட்டன்ட் தாளையாவது கொடுத்துவிடலாம் என்று அக்காவின் குவார்ட்டர்ஸுக்கு வண்டியைத் திருப்பினேன். கதவைத் திறந்த அக்கா பதறிவிட்டார்.

"காய்ச்சலோட ஏன் வந்திய? உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன். உள்ளே போய் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு ஒரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்தார். மூன்று கரண்டி பிரியாணிக்கு மேல் அதைக் குடித்தேன். தொண்டையில் இறங்கிய ஒவ்வொரு மடக்கும் என்ன சொல்லிக்கொண்டே இறங்கியது என்று இங்கே எழுத முடியாது.

அக்கா தாளைப் படித்தார். மேலிருந்து கீழே, பிறகு கீழிருந்து மேலே.

"எண்ட்ரோபி–நிகழ்தகவு இதுல இல்லையே?"

"அது போன தடவை வந்துடுச்சுக்கா. இந்தத் தடவை வராது. விட்டுடுங்க."

"போன தடவ வந்தா இந்தத் தடவ வராதோ?"

"என் நோட்டு சொல்லுது. இருபது வருஷத்துல அடுத்தடுத்து வந்ததே இல்ல."

அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மூலக்கூறுக்கு ஞாபகம் கெடையாதுன்னு நீங்கதான சொன்னிய. போன தடவ எதுல முட்டுச்சுன்னு அதுக்குத் தெரியாதுன்னு. பேப்பர் எடுக்கவருக்கு மட்டும் ஞாபகம் இருக்குமோ? போன தடவ எடுத்தவரும் இந்தத் தடவ எடுக்கவரும் ஒரே ஆளுன்னு யாரு கண்டா? இப்போ ஒரு அரை மணி நேரம் சொல்லித் தந்தியன்னா..."

நியாயமான கேள்வி. வயிறு நிறைந்து கண் சொருகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கணக்கை நானே ஒழுங்காகப் படித்ததில்லை. நான் எழுதிய வருடமும் அது முந்தின தடவை வந்திருந்தது. விட்டுவிட்டுத்தான் பாஸ் செய்தேன். ஆகவே ஆள் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் எப்போதும் செய்வதைச் செய்தேன். ஜோக் அடித்தேன்.

"அக்கா, பேப்பர் எடுக்கிறவரு மூலக்கூறு இல்ல, வாத்தியாரு. மூலக்கூறு சம்பளம் வாங்காது. வராதுக்கா. வந்தா என் மீசையை எடுத்துடுறேன்."

அக்கா சிரித்தார். தாளை மடித்து பைபிளுக்குள் வைத்தார்.

தேர்வு முடிந்த மதியம் நேராக மாடிக்கு வந்தார். வினாத்தாளை மேசைமேல் வைத்தார். என் எட்டில் இரண்டுதான் வந்திருந்தன. என் வரலாற்றிலேயே இவ்வளவு மோசமான விளைச்சல் கிடையாது. கடைசிப் பகுதியில் முதல் கேள்வி, பத்து மதிப்பெண்: எண்ட்ரோபிக்கும் நிகழ்தகவுக்கும் உள்ள தொடர்பைத் தருவி.

"வந்திருச்சு தம்பி" என்றார் சிரித்தபடி. "மீசைய ஒன்னும் எடுக்க வேண்டாம். நல்லா இருக்காது."

முடிவு வந்த அன்று கடைக்காரர்தான் கணினியில் பார்த்து அச்செடுத்தார். நான் படியேறப் போனவன் அவர் முகத்தைப் பார்த்து நின்றேன்.

"புட்டுக்கிச்சு சார். முப்பத்தாறு. நாலு மார்க்ல போய்கீது பாரு." தாளை என்னிடம் நீட்டியவர், "இன்னா சார், நீ போட்ட தாள்ல அது இல்லியாமே? போன வாட்டி வந்துச்சுன்னு உட்டுட்டியா?" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. தங்கத்தில் கறுப்பு கண்டவனின் குரல்.

அக்கா என்னைத் தேற்றினார். அதுதான் தாங்கவில்லை. போனில், "உங்க மேல தப்பில்ல தம்பி. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் எனக்காக உக்காந்து சொல்லித் தந்திய. காய்ச்சலோட வேற அலைஞ்சிய. கர்த்தர் சித்தம் இதுன்னா நாம என்ன செய்ய முடியும்?"

காய்ச்சலோடு அலைந்தேனாம்.

அடுத்த சில நாட்கள் நான் நிகழ்தகவு வைத்து எனக்கு விடுதலை வாங்கப் பார்த்தேன். அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தால் அக்கா அதைச் சரியாக எழுதியிருப்பார் என்பது என்ன நிச்சயம்? பதற்றத்தில் பாதியை மறந்திருக்கலாம். திருத்தியவர் மதிப்பெண் போடுவதில் கஞ்சனாக இருந்திருக்கலாம். வேறு கேள்வியில் மதிப்பெண் குறைந்திருக்கலாம். துறைத் தேர்வில் தேறாமல் போயிருக்கலாம். தேறினாலும் மேசை காலியில்லாமல் இருந்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்ப்பு போட்டு எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தால் என் பங்கு சுருங்கிச் சுருங்கி ஒரு வாஷர் அளவுக்கு வந்தது. அட, நான் கிட்டத்தட்ட நிரபராதி என்று எழுந்து சோம்பல் முறித்தால், அந்த வாஷர் அங்கேயே மேசைமேல் பளபளவென்று கிடந்தது. கோடி மூலக்கூறு என்றால் தனித்தனியாக எதையும் பொருட்படுத்த வேண்டியதில்லை, சராசரி போதும். அக்கா கோடிப் பேர் இல்லை. ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தாள்.

மூன்று வாரம் கழித்து ஆவடி ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். சேலைக்கு மேலே இடுப்பில் அகலமான பெல்ட். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று இறங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் வழிந்தது. நான் என்ன செய்தேன் என்றால், தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். என் சுற்றளவுக்கு ஆவடி ஸ்டேஷன் தூண் போதாது என்பதை அப்போது யோசிக்கவில்லை.

"என்ன தம்பி, தூணுக்கு முட்டுக் குடுக்குதியளா?"

வெளியே வந்தேன். ஜோக் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன், வாழ்க்கையில் முதல் முறை. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அக்கா, அந்த ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல் இல்ல."

அக்கா ரயில் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும். மட்டனா, சிக்கனா?"

"மட்டன்" என்றேன்.

"கதவத் தொறந்தப்போ தெரியல. கஷாயம் வைக்க அடுப்படிக்குப் போயிட்டேன். அங்க நிக்கும்போது மெதுவா வந்துச்சு வாசம். நீங்க சொன்ன மாதிரிதான், இடிபட்டு, சுத்தி, லேட்டா. ஆனா வந்துருச்சு."

"தெரிஞ்சுமா கஷாயம் குடுத்தீங்க?"

"அதனாலதான் மொளகு ரெண்டு பங்கு போட்டேன்."

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு சொன்னார். "பிரியாணி தின்னதுக்கு எனக்குக் கோவம் இல்ல தம்பி. மனுசன்னா ஒரு ஞாயித்துக்கிழமை திம்பான். பொய் சொல்லிட்டு வந்த ஆளு குடுக்க தாளு இதுன்னு தெரிஞ்சும், நீங்க வராதுன்னு சொன்னத நான் நம்புனேன் பாருங்க. அதான் எனக்கு ஆற மாட்டேங்கு. அன்னைக்கு நீங்க தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தியன்னா, நானே உக்காந்து அந்தப் பக்கத்தப் படிச்சிருப்பேன்."

ரயில் வந்து நின்று போனது. இருவரும் ஏறவில்லை.

"மன்னிச்சிடுங்கக்கா" என்றேன். அந்த இரைச்சலில் அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. மறுபடி சொல்லத் துணிவு வரவில்லை.

எழுந்தவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை வாரேன். அந்தக் கணக்க எனக்குச் சொல்லித் தரணும்."

"இப்ப எதுக்குக்கா? தேர்வுதான்..."

"தேர்வுக்கு இல்ல. அது என்ன கணக்குன்னு எனக்குத் தெரியணும். நாலு மார்க்குக்கு என்னய உக்கார வச்சது எதுன்னு ஒரு தடவ பாக்கணும்."

அந்த வாரம் முழுக்க நான் படித்தேன். கல்லூரியில் சேர்ந்தபின் முதல் முறையாக, வரும் வராது பார்க்காமல் ஒரு பக்கத்தை உட்கார்ந்து படித்தேன். ஞாயிறு மாடியில் இரண்டு முறுக்கு டப்பாக்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தேன். இது ஒரு பெட்டி வாயு, இது இன்னொரு பெட்டி வாயு. இந்தப் பெட்டி இருக்கக்கூடிய வழிகள் இத்தனை, அந்தப் பெட்டிக்கு அத்தனை. இரண்டையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்த்தால் வழிகள்?

"பெருக்கணும்" என்றார் அக்கா. "இதுல ஒவ்வொன்னுக்கும் அதுல அத்தனையும் வருமே."

"எண்ட்ரோபி?"

"அது கூட்டணும். இதுல உள்ளதும் அதுல உள்ளதும்." நோட்டில் இரண்டு வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். ஒன்றில் பெருக்கல், ஒன்றில் கூட்டல். பேனாவின் பின்பக்கத்தால் பல்லைத் தட்டினார். நான் அடுத்த வரியைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"இருங்க தம்பி. பெருக்கலக் கூட்டலா மாத்துதது மடக்கைதான? லாக். அப்போ எண்ட்ரோபிங்கது வழிகளோட லாக். அவ்வளவுதானா?"

அவ்வளவுதான். முன்னால் ஒரு மாறிலியைப் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அரை மணி நேரம் என்று இத்தனை நாள் என்னை நானே வைதுகொண்டிருந்ததுகூட எனக்குச் சாதகமான கணக்காகத்தான் இருந்திருக்கிறது.

அக்கா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மடக்கை என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போட்டார். கண் கலங்கியதா என்று நான் பார்க்கவில்லை; ஜன்னல் பக்கம் திரும்பி, இல்லாத பிரியாணி வாசத்தை மோந்துகொண்டிருந்தேன்.

அப்போது கீழ்க்கடைக்காரர் படியேறி வந்தார். கையில் போன்.

"சார், ஸ்பெசல் சான்ஸ் இன்னொரு வாட்டி உடப் போறான்னு சொல்லிகினு கீறாங்க. போன வாட்டி கடைசின்னான், இப்ப அதுக்கும் கடைசியாம். குரூப்ல வந்துகீது, மெய்யா பொய்யா தெரில."

அக்கா நிமிர்ந்தார். முதலில் கடைக்காரரைப் பார்த்தார். பிறகு என்னை.

"வருமா தம்பி?"

கை பழக்கதோஷத்தில் நோட்டுக்குப் போனது. சிறப்பு வாய்ப்புக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. எத்தனை வருடத்துக்கு ஒரு முறை, எந்த மாதம், எல்லாம் டிக் போட்டு வைத்திருக்கிறேன். வரும் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த முகம் மலர்ந்துவிடும். கடைக்காரரும் அதைக் கேட்கத்தான் வாசலில் நின்றார். கையை எடுத்துக்கொண்டேன்.

"தெரியாதுக்கா."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா நைனா, ஒடம்பு சரியில்லியா?"

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். நோட்டில் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, முதல் பக்கம் வரை ஒவ்வொன்றாகத் திருப்பினார்.

"தெரியாதுல்லா? அப்போ எதையும் விட வேண்டாம். மொதல்ல இருந்து ஆரம்பிங்க."